இருபத்திரண்டு ஏன் நிற்கிறது

மே 16

காற்று வினாடிக்கு ஆறு மீட்டர். சீசன் இன்னும் பிடிக்கவில்லை. நாற்பத்திரண்டு மெஷின்களில் நாற்பது ஓடுகின்றன. ஒன்பதாம் நம்பரில் எண்ணெய்க் கசிவு. முப்பத்தொன்றாம் நம்பரில் சென்சார் கோளாறு. படுத்தபடியே செல்போனில் பார்த்தேன்.

இந்த டைரி, கியர் ஆயில் விற்கிற கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்தது. நேற்றுவரை வெறும் தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "தூக்கம் வரலன்னா எதையாவது எழுதும்மா" என்றார். எதை என்று சொல்லவில்லை. ஐந்து வருடமாகக் காற்றாலைப் பண்ணையின் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து நான் எழுதி வருவது இதைத்தான். வேறு எழுதிப் பழக்கமில்லை.

மே 17

மாமியார் காலையில் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். தலைக்கு அல்ல. நாரிலிருந்து உதிர்த்து, துணியில் பரப்பி, என் மார்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். "ரெண்டு மூணு நாள்ல பாலு வத்திரும்ட்டி. கைய மட்டும் வைக்காத" என்றார். அறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை.

காற்று 6.4.

மே 19

பக்கத்து வீட்டு அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

ஒரு தடவை எழுதிவிடுகிறேன். ஒன்பதாம் தேதி ரத்தம் போக ஆரம்பித்தது. நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். மயக்க மருந்து கொடுத்து அறுத்து எடுத்தார்கள். பிள்ளைக்கு உயிர் இல்லை. நான் கண் விழித்தபோது என் கணவர் கட்டில் ஓரம் நின்றிருந்தார். எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பி வந்திருந்தார். முழங்கால்வரை செம்மண். "எல்லாம் முடிஞ்சிட்டு" என்றார். நான் "சரி" என்றேன்.

இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

மே 27

தையல் பிரித்தார்கள். காற்று 8.1. முப்பத்தொன்று ஓடத் தொடங்கிவிட்டது.

ஜூன் 22

வேலைக்குத் திரும்பினேன்.

எங்கள் சைட் இன்சார்ஜ் அய்யாப்பழம் சார் வாசலிலேயே நின்றார். "ஏன்மா, அதுக்குள்ள வந்துட்ட?" என்றார். "காத்து ஏறிட்டுல்லா சார். ஆளு காணாதே" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்து, "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு, சொல்லாமலேயே வெளியே போனார்.

மேசைக்குக் கீழே என் கால் வீங்கியபோது வைத்துக்கொள்ள ஒரு மரப்பெட்டி போட்டிருந்தார்கள். அதை யாரோ எடுத்துவிட்டார்கள். நல்லதுதான். காலை நீட்ட இடம் இருக்கிறது.

திரையில் நாற்பத்திரண்டு பச்சைப் புள்ளிகள். ஓடினால் பச்சை, ஆள் நிறுத்தினால் மஞ்சள், கோளாறு என்றால் சிவப்பு. ஒவ்வொரு மெஷினுக்கும் அடிக்கும் காற்று, அந்தக் காற்றுக்கு வர வேண்டிய மின்சாரம், உண்மையில் வந்த மின்சாரம், மெஷின் ஓடத் தயாராக இருந்த நேரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை அவைலபிலிட்டி என்போம். சீசனில் அது நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்குக் கீழே போனால் சென்னையிலிருந்து போன் வரும்.

பத்து மணிக்கு வாக்கிடாக்கியில் என் கணவர் குரல். "கண்ட்ரோல் ரூம், டவர் பதினெட்டு. மெஷினை நிறுத்துங்க, ஏறப் போறோம்."

"டவர் பதினெட்டு, நிறுத்தியாச்சு. ஏறலாம்."

என் கணவர் தனசிங் இதே பண்ணையில் டவர் ஏறும் டெக்னீஷியன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசியது இன்றுதான்.

ஜூன் 25

மதியம் கிரிட் லைனில் மின்சாரம் போனது. நாற்பத்திரண்டும் சிவப்பு. நாற்பது நிமிடம் கழித்து ஒவ்வொன்றாகப் பச்சை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டில் புளிக்குழம்பு. அவர் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

ஜூலை 4

இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று. மூன்றும் ஒரே வரிசையில் நிற்பவை. ஒரே காற்று. இரண்டு வாரமாக இருபத்திரண்டில் மட்டும் உற்பத்தி குறைவு.

இறக்கைகள் திரும்பியிருக்கும் கோணத்தைப் பார்த்தேன். சரி. கியர்பாக்ஸ் ஆயில் சூடு சரி. காற்று வரும் திசைக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கிறது. ஓடும்போது பக்கத்து மெஷின்களுக்குச் சமமாகவே ஓடுகிறது. ஆனால் இடையிடையே நிற்கிறது. கோளாறினால் அல்ல. நாசெல் என்கிற உச்சி அறையில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை யாரோ அழுத்தியிருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் ஐந்து தடவை. எல்லாம் மதியச் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் அங்கே வேலை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் யாருக்கு டியூட்டி என்று பார்த்தேன். பார்த்துவிட்டு டீ போடப் போனேன்.

ஜூலை 6

சென்னை அலுவலகத்திலிருந்து நிவேதன் பேசினார். எங்கள் பண்ணையின் எண்களையெல்லாம் பார்ப்பது அவர். சின்னப் பையன் குரல். மரியாதையாகத்தான் பேசுவார்.

"மேடம், இருபத்திரண்டு ஏன் நிக்குது? பீக் சீசன்ல, நின்ன அஞ்சு நாளும் அவைலபிலிட்டி தொண்ணூத்தி ரெண்டுக்கு வந்துடுச்சு. காரணம்ங்கிற கட்டத்துல ஒண்ணுமே எழுதலையே?"

"எழுதிருதேன் சார்" என்றேன்.

"கியர்பாக்ஸ் ஆயில் சோதனை" என்று எழுதினேன். ஐந்து நாளுக்கும் அதையே எழுதினேன்.

ஜூலை 9

அவருக்குத் துணி துவைத்துப் போட்டேன். இன்று ஞாயிறு. மாமியார் ஆராதனைக்குப் போனார். நான் போகவில்லை. கோயிலுக்குப் பின்னால்தான் கல்லறைத் தோட்டம். மூன்று மாதத்துக்குத் தாய் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மாமியார் சொல்லிவிட்டார். நானும் சரி என்றேன். போனாலும் எந்த இடம் என்று எனக்குத் தெரியாது.

காற்று 11.2.

ஜூலை 13

தண்ணீர் கேன் எடுக்க மகராஜண்ணன் கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார். என் கணவரோடு சேர்ந்து டவர் ஏறும் ஜோடி. நாற்பது வயது இருக்கும், கான்டிராக்ட் ஆள். இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். கேனைத் தூக்கியவர் போகாமல் நின்றார்.

"தங்கச்சி, ஒரு காரியம். ஒன்ட்ட சொல்லலாமா கூடாதான்னு தெரியல."

"சொல்லுங்கண்ணே."

"தனசிங்கு மத்தியானம் சாப்புட மாட்டேங்கான். இருபத்திரெண்டுல ஏறிருதான். ரெண்டு பேரு சேர்ந்துதான் ஏறணும்னு சட்டம். என்னைய வேண்டாம்னு சொல்லிருதான். நான் கீழயே நிக்கேன்."

"மேல போயி என்ன செய்யுதாவ?"

"ஒண்ணும் செய்யல. மெஷின நிப்பாட்டிட்டு, மேல உள்ள மூடியத் தொறந்து வச்சிட்டு நிக்கான். ஒரு நாளு சந்தேகமா இருந்துன்னு பொறத்தாலயே ஏறிப் பாத்தேன். பெல்ட்டெல்லாம் மாட்டித்தான் நிக்கான். என்னையப் பாத்துட்டு, 'அண்ணே, கொஞ்ச நேரம்'ன்னான். நான் எறங்கிட்டேன்."

"டவர் ஏறுததுக்கு உள்ள பெர்மிட்ல யாரு கையெழுத்து?"

"நாந்தான் போடுதேன். இல்லன்னா அவன் மாட்டிக்கிடுவாம்லா."

கேனின் மூடி சரியாக இல்லை. தரையெல்லாம் தண்ணீர் சிந்தியிருந்தது. அவர் போனபின் துடைத்தேன்.

ஜூலை 14

எதுவும் இல்லை. காற்று 12.

ஜூலை 18

நிவேதன் இன்று என்னிடம் பேசவில்லை. நேராக அய்யாப்பழம் சாரிடம் பேசினார். சார் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கேட்டார்.

"சார், ஆயில் சோதனைன்னு எழுதியிருக்கு. ஆயில் சாம்பிளே லேபுக்கு வரல. பெர்மிட் பூரா மகராஜன்னு ஒருத்தர் பேர்ல இருக்கு. மெஷினை நிறுத்திட்டு மேல தூங்குறாரா என்ன? கான்டிராக்ட் ஆள்தானே? ஏஜென்சில சொல்லி ஒண்ணாம் தேதியிலேர்ந்து வேற ஆளைப் போட்டுக்கலாம்."

"விசாரிச்சிட்டுச் சொல்லுதேன் தம்பி" என்று சார் வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"மகராஜன் தூங்குத ஆளா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"பொறவு?"

நான் திரையைப் பார்த்தேன். எல்லாம் பச்சையாக இருந்தது.

ஜூலை 19

காலையில் இட்லி வைக்கும்போது அவரிடம் சொன்னேன். "மகராஜண்ணன வேலையவிட்டு எடுக்கப் போறாவளாம்."

"எதுக்கு?"

"இருபத்திரெண்டு நிக்குதுல்லா. அதுக்கு."

பிட்ட இட்லி கையிலேயே இருந்தது. நான் இன்னும் ஏதாவது கேட்பேன் என்று காத்திருந்தார்போலத் தோன்றியது. நானும் அவர் ஏதாவது சொல்வார் என்று சட்னிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமியார், "என்ன ரெண்டு பேரும் செலையாட்டம் நிக்கிய?" என்றார். அவர் கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 22

மூன்று நாளாக இருபத்திரண்டு நிற்கவே இல்லை.

ஜூலை 24

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலிருந்தே கணவாய்ப் பக்கம் கறுத்து, காற்று ஏறிக்கொண்டிருந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. எல்லா மெஷினும் முழு உற்பத்தி. மதியம் பன்னிரண்டரை மணிக்கு இருபத்திரண்டு மஞ்சளானது.

பதினைந்தைத் தாண்டினால் டவரில் ஆள் இருக்கக் கூடாது. பதினான்கைத் தொட்டதும் கூப்பிட்டேன்.

"டவர் இருபத்திரண்டு, கண்ட்ரோல் ரூம். காத்து பதினாலு. இறங்குங்க."

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். அய்யாப்பழம் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, தன் வாக்கிடாக்கியை எடுத்தார்.

"மகராஜா, எங்க நிக்க?"

"டவருக்குக் கீழ நிக்கேன் சார். மேல அவன் ஒத்தையிலதான் இருக்கான். நான் ஏறவா?"

"ஏறாத. காத்து நிக்கட்டும்."

காற்று நிற்கவில்லை. பதினான்கரை. நான் மூன்றாவது தடவை கூப்பிட்டேன். நான்காவது தடவை வாக்கிடாக்கியில் பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்டது. முதலில் காற்று இரைச்சல். அப்புறம் அவர் குரல்.

"கேக்குது. இறங்குதேன். அஞ்சு நிமிசம்."

"அங்க என்ன வேல?"

"ஒரு வேலையுமில்ல."

எங்கள் சைட்டில் எல்லோருக்கும் ஒரே அலைவரிசைதான். சப்ஸ்டேஷன் வாட்ச்மேன், ஏழில் நிற்கிறவர்கள், முப்பத்தைந்தில் நிற்கிறவர்கள் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

"மேல இருந்து பாத்தா என்ன தெரியுது?"

இரைச்சலுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"நம்ம கல்லறைத் தோட்டம் தெரியுது" என்றார்.

"எந்த எடத்துல?"

"வடக்கு மதில் ஓரம். ஒரு வேம்பு நிக்குல்லா, அதுக்குக் கிட்ட. வெள்ளக் கல்லு ஒண்ணு வச்சிருக்கேன். இங்கேருந்து கல்லு தெரியல. மரம் தெரியுது."

திரையில் காற்று 14.8. என் விரல் பொத்தானிலேயே இருந்தது. அதை எடுத்தால்தான் அவர் பேசுவது கேட்கும் என்பது கொஞ்சம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. அதற்குள் கேட்டுவிட்டேன்.

"என்ன பிள்ள?"

எடுத்தேன்.

"ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

"யாரும் சொல்லல."

"அம்மா சொல்லலியா?"

"யாரும் சொல்லல."

அதன்பின் வந்த குரல் வேலை நேரக் குரலாக இல்லை. "பொம்பளப் பிள்ளட்டி" என்றார்.

ஏழிலும் முப்பத்தைந்திலும் ஒருவரும் பொத்தானை அழுத்தவில்லை. அய்யாப்பழம் சார் சுவர்ப்பக்கம் திரும்பி, போன வருட காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி. எறங்கி வாங்க" என்றேன்.

"வாரேன்."

கொஞ்ச நேரத்தில் மகராஜண்ணன் குரல் வந்தது. "கண்ட்ரோல் ரூம், ஆளு தரைக்கு வந்துட்டான்." நான் இருபத்திரண்டை மறுபடி ஓடவிட்டேன்.

ஷிஃப்ட் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். எல்லா எண்ணும் சரியாக எழுதியிருக்கிறேன். பிறகு எடுத்துப் பார்த்தேன், ஒரு தப்பும் இல்லை.

ஜூலை 25

இருபத்திரண்டின் காரணக் கட்டத்தில் முன்பு எழுதியதை அழித்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினேன்: மெஷினில் கோளாறு இல்லை. டெக்னீஷியன் தனசிங் சொந்தக் காரணத்துக்காக நிறுத்தினார். ஆயில் சோதனை என்று பொய் எழுதியது நான். மகராஜனுக்கு எதுவும் தெரியாது.

கடைசி வரி உண்மையல்ல. அதை அப்படியே விட்டேன்.

அனுப்புவதற்கு முன் அவரிடம் காட்டினேன். செல்போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து இரண்டு தடவை படித்தார். "அனுப்பு" என்றார். "ஒன்னப் பத்தி எதுக்கு எழுதுன?" என்று கேட்டார்.

"எழுதுனது நாந்தான?"

"ஆமா" என்றார். உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஜூலை 31

முடிவு வந்தது. அவர் இனி இந்த சீசன் முழுக்க டவர் ஏறக் கூடாது. ஸ்டோரில் போல்ட்டும் கிரீஸும் எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு ஒரு மெமோ. மகராஜண்ணன் பேரை யாரும் எடுக்கவில்லை. அய்யாப்பழம் சார் மெமோவைக் கையில் தரும்போது, "வெறும் தாளுதாம்மா. அந்தச் சென்னைத் தம்பியே போன்ல ஒரு மாதிரியாத்தான் பேசுனாரு" என்றார்.

அவர் டவர் பெல்ட்டை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு வந்தார். பன்னிரண்டு வருடமாக மாட்டியது. இடுப்பில் அது இல்லாமல் நடப்பது விசித்திரமாக இருக்கிறது என்றார். அவரால் அங்கிருந்து இனி பார்க்க முடியாது.

ஆகஸ்ட் 6

காலையில் புறப்பட்டேன். மாமியார் வாசலில் மறித்தார்.

"மூணு மாசம் ஆவல. பெத்தவ போவக் கூடாதுட்டி. அடுத்த பிள்ளைக்கு ஆவாது."

"வழி விடும்மா. போவட்டும்" என்றார் அவர்.

"நீ சும்மா இருல. ஒனக்கு என்ன தெரியும்?"

"மாமி" என்றேன். "நான் மொகத்தக்கூடப் பாக்கல."

மாமியார் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அப்படியே நின்றார். பிறகு உள்ளே போனார். கோபமாகப் போகிறார் என்று நினைத்தேன். ஆராதனைக்குக் கட்டும் வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தார். மூன்று பேரும் நடந்தோம்.

வேம்பு சின்ன மரம்தான். மதிலோரம் காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அவர் குனிந்து கல்லைச் சுற்றி முளைத்திருந்த நெருஞ்சியைப் பிடுங்கினார். கல், தேங்காய் அளவு. இடம், என் இரண்டு கை நீளம். அவ்வளவுதான். நான் தரையில் உட்கார்ந்தேன். தையல் போட்ட இடம் இழுத்தது.

கொஞ்ச நேரம் கழித்து மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாந்தான் குளிப்பாட்டுனேன்" என்றார். "அந்த நர்சுப் பிள்ள துணியில சுத்திக் குடுத்துட்டா. அப்படியே கொண்டு போவ எனக்கு மனசு வரல. வெந்நி கேட்டு வாங்கிக் குளிப்பாட்டுனேன்."

"எப்படி இருந்தா?"

"தலை நெறைய முடிட்டி. ஈரத்துல நெத்தியில ஒட்டிக்கிட்டு. நெகம் நீளமா இருந்து. இந்தக் கையி," என்று என் சுண்டுவிரலைப் பிடித்தார், "இது வளைஞ்சிருக்குல்லா, அவளுக்கும் வளைஞ்சிருந்து."

அவர் திரும்பிப் பார்த்தார். "எனக்கு நீ இதச் சொல்லலியேம்மா" என்றார்.

"நீ ஏம்ல கேக்கல? இவளும் கேக்கல. கேட்டா ஒடஞ்சிருவாளோன்னு நானும் சொல்லல."

நான் கேட்டேன். நிறம் கேட்டேன். காது கேட்டேன். உதடு யாரைப் போல என்று கேட்டேன். கண் மூடியிருந்ததா என்று கேட்டேன். மாமியார் ஒவ்வொன்றுக்கும் சொன்னார். சொல்லும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் என் முகம் நனைந்திருப்பது எனக்குத் தெரிந்தது. வெயில் ஏறும்வரை அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அய்யாப்பழம் சாருக்குப் போன் செய்தேன்.

"சார், நாளையிலேர்ந்து எனக்கு லீவு வேணும்."

"எடுத்துக்கோம்மா. என்ன லீவுன்னு போட? உடம்பு சரியில்லன்னு போட்டுருவமா?"

"இல்ல சார். பிள்ள பெத்தவளுக்கு உள்ள லீவு."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"போட்டுருதேம்மா" என்றார். "பொம்பளப் பிள்ளன்னே எழுதிக்கிடுதேன்."